ஓலையைப் படிக்காத ராணி

ஐப்பசி 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். தக்காளி பறிக்கவில்லை. ஈரத்தில் பழம் வெடிக்கும். மத்தியானம் மகன் சேகரும் மருமகள் சுமதியும் டி.வி. முன்னால். டிராகன் தொடர். வெளிநாட்டுக்காரர்கள், தமிழில் பேசுகிறார்கள். கோடி கோடியாகக் கொட்டி எடுத்ததாம். நானும் உட்கார்ந்தேன். ஐந்தாம் பாகம்.

குறைகள்:
1. டிராகன் ஊரையே எரிக்கிறது. ராணியின் வெள்ளை உடுப்பில் ஒரு பொட்டுக் கரி இல்லை.
2. அடை மழை. தீப்பந்தம் மட்டும் அணையவே இல்லை.
3. ஆறு ராச்சியம். களை எடுக்க ஓர் ஆள் கிடையாது. எதைத் தின்று சண்டை போடுகிறார்கள்?
4. இதுதான் பெரிய குறை. கிழட்டு ராணி. மூன்று போர் ஜெயித்தவள், நாலு பாஷை தெரிந்தவள். ராச்சியத்தை மகனுக்கு எழுதிக் கொடுக்கிறாள். மந்திரி ஓலையை வாசிக்கிறான். இவள் கண்ணீரோடு முத்திரை மோதிரத்தைப் பதிக்கிறாள். ஓலையைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை!

சுமதி மூக்கைச் சிந்தினாள். "எவ்ளோ பெரிய மனசு பாருங்க அத்தை."

"மனசு இருக்கட்டும். கண்ணு எங்க போச்சு அவளுக்கு?"

சேகர் சிரித்தான். "ஏம்மா, டிராகன் பறக்குது, அத நம்பற. இத நம்ப மாட்டியா?"

டிராகனை நான் பார்த்ததில்லை. பத்திரம் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி 9, திங்கள்

வெயில். முழங்கால் பரவாயில்லை. வெள்ளைக் கோழி இன்றும் முட்டை இடவில்லை.

சேகர் மறுபடி ஆரம்பித்தான். கிணற்றுக் கொல்லை, தக்காளி போட்டிருக்கும் நிலம். வீட்டுக்காரர் போன பிறகு என் பேரில் இருப்பது அது ஒன்றுதான். அதைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்கிறான். தருகிறேன் என்று எப்போதோ சொல்லிவிட்டேன். ஒரே நிபந்தனை: என் ஆயுள் பரியந்தம் நானே அனுபவிப்பேன் என்று ஒரு வரி.

"அதெல்லாம் போட்டாச்சும்மா. வியாழக்கெழம பாலக்கோட்ல பதிவு. அந்த ராணி மாதிரி சந்தோஷமா எழுதிக் குடு."

ராணியைப் பேசாதே என்றேன்.

ஐப்பசி 11, புதன்

சுமதியிடம் அந்தக் காட்சியைச் செல்போனில் போடச் சொன்னேன். ஓலை தெரியும் இடத்தில் நிறுத்தினாள். அதில் எழுத்தே இல்லை. கோழி கிளறினாற்போல் கோடுகள். மந்திரி வாசித்ததெல்லாம் அவன் வாயிலிருந்தே வந்தது.

"ஐயோ அத்தை, இதெல்லாம் யாரு பாப்பாங்க!"

"நான் பாக்கறனில்ல."

சாயங்காலம் பத்திரத்தின் நகல் கேட்டேன். "எழுத்தர்கிட்ட இருக்குதும்மா. அங்கயே படிச்சுக் காட்டுவாங்க" என்றான் சேகர். காட்டுவார்களாம்.

ஐப்பசி 12, வியாழன்

பாலக்கோடு. பத்திர எழுத்தர் கடையில் உட்கார இடமில்லை. எழுத்தர் கடகடவென்று வாசித்தார். 'ஆயுள் பரியந்தம்' காதில் விழுந்தது. மை டப்பாவை நகர்த்தினார்.

"கட்ட வெரலக் குடுங்க ஆயா."

"பத்திரத்தக் குடுங்க."

"இப்பதான படிச்சேன்?"

"நீங்க படிச்சீங்க. நான் படிக்கல."

சேகர் தரையைப் பார்த்தான்.

நாற்பது வயதில், தக்காளிப் பெட்டியில் விரிக்கும் பழைய பேப்பரை எழுத்துக் கூட்டிக் கற்றது. மெதுவாகத்தான் வரும். நாலு பக்கம். விரல் வைத்து, வாய்விட்டு. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும்.

ஆயுள் இல்லை. பரியந்தமும் இல்லை. கடைசிப் பக்கத்தில்: 'எழுதப் படிக்கத் தெரியாத மாதம்மாள், படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்பி வைத்த இடது பெருவிரல் ரேகை.'

"ஏன்டா சேகரு, பத்தாவதுல உன் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டது யாரு?"



"நேரமாவுதுங்க. அந்த வரிய அப்பறம் சேத்துக்கலாம்" என்றார் எழுத்தர்.

"அப்ப நானும் அப்பறம் வரேன்."

தனியாகப் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டு கிடைத்தது.

ஐப்பசி 14, சனி

சேகர் பேசவில்லை. சோறும் வெளியில்தான்.

சுமதி: "பெத்த மவனையே நம்பலன்னு ஊரே பேசுது அத்தை."

பேசட்டும். மகன் மேல் இருக்கிற நம்பிக்கை வேறு, காகிதத்தில் இருக்கிற எழுத்து வேறு. பத்திரத்தில் இல்லாத வரியை எழுத்தரை வாசிக்கச் சொன்னது யார்? கொல்லையை விடவும் அந்த 'எழுதப் படிக்கத் தெரியாத'தான் அறுக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது கொஞ்சம் அழுதேன். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதியாயிற்று.

கோடு போட்ட தாளில் அந்த 'ஆயுள் பரியந்தம்' வரியை நானே எழுதினேன். கீழே கையெழுத்து. அவன் வண்டிச் சாவிக்கு அடியில் வைத்தேன்.

ஐப்பசி 15, ஞாயிறு

மழை இல்லை. பறித்தது பதினோரு பெட்டி. கோழி முட்டை இட்டது.

ஆறாம் பாகம். சேகர் வந்து கதவோரம் நின்றான். மகன் ராசாவாகிவிட்டான். கிழட்டு ராணியைக் கோட்டை உச்சியில் ஓர் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். நான் கேட்டது இது இல்லை என்று கத்துகிறாள். ஓலையில் இருப்பது இதுதான் என்கிறான் மந்திரி.

சேகர் ரிமோட்டை எடுத்து அணைத்தான்.

"போடுடா. பாதியில விட்டா எப்படி?"

சுமதி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். போட்டான். அவன் சட்டைப் பையில் என் தாள், நாலாக மடித்தது.

திரையைப் பார்த்தபடியே சொன்னான். "வேற எழுத்தர்கிட்ட போலாம்மா. நாளைக்கே."

"நாளைக்கா? பத்திரத்த மொதல்ல வூட்டுக்குக் கொண்டா. நான் படிக்க ரெண்டு நாள் ஆவும்."