தவளைக்கு நகச்சுத்தி வருமா?

மதினி,

இன்று காலை போடியில், ஏலக்காட்டுக்கு ஏறும் குரங்கணி ஜீப்புக்காகக் கூட்டத்தோடு ஒரு பெண் காத்து நின்றார். பெருவிரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகியிருந்தார். அந்த வாசனை வந்ததும் எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

உங்களுக்கும் அப்படித்தான் நகக்கண்கள் சிவந்து வீங்கின. நாள் முழுக்க நனைந்த செடிகளுக்குள் கைவிட்டு ஏலக்காய் பறித்த விரல்கள். பழம் வாடினால் புதுப்பழம், அதற்கு மேல் துணிக்கட்டு. "கை ஆறாம மேல வராத" என்று கங்காணி சொல்லிவிட்டார். உங்கள் கூட்டாளிகள் போகும் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவீர்கள். வலியைக்கூடப் பொறுத்தீர்கள், அந்தப் பருவம் கைவிட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இது ஈஸ்ட் கிருமி, ஈரத்தில் செழிப்பது, களிம்பு தடவி விரலை உலர்வாக வையுங்கள் என்றார், நான் உங்களைக் கூட்டிப்போன மருத்துவர். வெளியே வந்ததும் ஆரம்பித்தீர்கள்.

"ஏலக்காட்டு மழையில நின்னுக்கிட்டு ஈரம் படக்கூடாதாம். விரலுக்கு விரலு கொடையா பிடிக்கிறது?"

"மொதல்ல அந்தப் பழத்தத் தூக்கிப் போடுங்க மதினி. அதுவே ஈரந்தான்."

"பரவாயில்ல, நாத்தனா படிச்ச படிப்புல நமக்கு ஒரு பழம் மிச்சம்."

நான் அப்போதுதான் மதுரையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். என்ன சோலி என்று கேட்டீர்கள். பெப்டைடு என்னும் சின்னப் புரதத் துண்டுகள், நம் தோலும் தவளையின் தோலும் தாமாகவே சுரப்பவை, கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்பவை என்றேன்.

"அப்பத் தவளைக்கு நகச்சுத்தி வராதோ? எந்நேரமும் தண்ணியிலதான கெடக்குது."

"அதுக்கு நகமே இல்லையே மதினி!"

சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு மதுரைக்கு வந்துவிட்டது.

விரல் ஆறியது. ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட்டு, "டாக்டரம்மா வந்துட்டாகடி" என்ற கேலிக்கு நடுவே ஜீப்பில் ஏறினீர்கள். பருவம் முடியுமுன் ஏறிவிட்டீர்கள். பிறகு பல மழைகள் பார்த்துவிட்டுத்தான், போன வருடம், நெஞ்சுவலி என்று படுத்தவர் எழவில்லை.

தவளைத் தோலில் இருப்பதைப் பார்த்து நாங்கள் செய்த முதல் பெப்டைடு ஈஸ்ட்டைக் கொன்றது; கூடவே மனித ரத்த அணுக்களையும் உடைத்தது. அதை மாற்றி மாற்றிச் செய்தோம். போன வாரம் ஆய்வகத் தட்டில் ஈஸ்ட் வெளுத்துப் படர்ந்திருக்க, மருந்து வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தது. ரத்த அணுக்கள் உடையவில்லை. களிம்பாக வர இன்னும் வெகுகாலம் ஆகும். இருந்தும் அன்று மனம் நிறைந்திருந்தது.

தெரியாதவர்களிடம் நான் பேசமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்று பேசினேன்.

"அக்கா, அந்தப் பழத்த எடுத்துருங்க. ஈரம் இருந்தா அது ஆறாது. ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு தாயி, டாக்டரா?"

"இல்லக்கா. தவளைக்கு நகச்சுத்தி வருமான்னு பாக்குறவ."

ஜீப்புக்கு நின்ற கூட்டமே சிரித்தது, மதினி. அவர் பழத்தை உருவிக் கீழே போட்டார்.