தேநீர் ஜாடியின் எடை

எல்டன் கிரீக், அலபாமா
மே 6

அன்புள்ள டால்டன் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஜெயிலில் என்ன நலம்? வக்கீல் ஆய்வக அறிக்கையைக் காட்டினார். போலீஸ் கதவைத் தட்டியதும் அண்ணி அந்தப் போதைப்பொடிப் பொட்டலத்தை விழுங்கப் போனாள். நீ பிடுங்கி, அம்மாவின் ஐஸ் தேநீர் ஜாடியில் கொட்டினாய். அதுதான் வினை. பொடியாகவே இருந்திருந்தால் ஒரு ஸ்பூன் தேறாது. நம் மாநிலத்தில் கலவை முழுவதையும் நிறுக்கிறார்கள். தேநீர், சர்க்கரை, எலுமிச்சை எல்லாமே போதைப்பொருள் கணக்கில் வந்துவிட்டன. நீ இப்போது கடத்தல்காரன். குறைந்தது பதினைந்து வருடம். நான் வேலை பார்க்கும் குடிநீர் ஆய்வகத்தில் இப்படி எடைபோட்டால் அன்றே வேலை போய்விடும்.

திங்களன்று கோர்ட்டில் உண்மையைச் சொல்: பொட்டலம் லேசி அண்ணியுடையது.

ஃபிரிட்ஜில் ஜாடி இருந்த இடத்தில் வேறெதையும் வைக்க அம்மா விடுவதில்லை.

கோபத்துடன்,
கார்பின்

*

மாவட்டச் சிறை
மே 9

தம்பி கார்பினுக்கு,

இங்கே கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள், மடையா. பொட்டலம் என்னுடையது. அப்படியே எழுது, அப்படியே பேசு. லேசிக்கு ஏழாம் மாதம். வயிற்றில் பிள்ளையோடு அதைத் தொட்டாள் என்று ஒரு பேச்சு வந்தாலே இங்கே தனி வழக்கு. பிள்ளையையும் கொண்டுபோய்விடுவார்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரன், "எதுக்குப்பா உள்ள வந்த?" என்றான். "டீ கலக்கினேன்" என்றேன். இன்னும் சிரிக்கிறான்.

கண்ணை மூடினால் ஜாடியில் ஐஸ் கட்டி மோதும் சத்தம் கேட்கிறது.

டால்டன்

*

எல்டன் கிரீக்
நவம்பர் 18

அண்ணா,

சிறைப் பாதிரியார் சொல்லியிருப்பார். அண்ணியைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். அதே பொடிதான் உயிரைக் குடித்தது. குழந்தை ஐவி எங்களிடம் இருக்கிறாள். அப்படியே உன் மூக்கு.

ஃபிரிட்ஜில் அந்த இடம் இன்னும் காலி. கதவைத் திறந்தால் ஐஸ் சத்தம் எனக்கும் கேட்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "மெஷின்ல ஒண்ணுமில்ல தம்பி" என்று போய்விட்டான்.

இனி யாரைக் காப்பாற்றுகிறாய்? பதினைந்து வருடத் தீர்ப்பை எதிர்த்து மனு போடலாம் என்கிறார் வக்கீல். பொட்டலம் யாருடையது என்று ஒரு வரி எழுது, போதும்.

கார்பின்

*

மாநிலச் சிறை
டிசம்பர் 2

தம்பிக்கு,

ஐவி ஒருநாள் கேட்பாள். தன்னைச் சுமந்தபடி அம்மா என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். கெட்ட அப்பனைத் திட்டிக்கொண்டே ஒரு பிள்ளை வளர்ந்துவிடும்.

நீ கேட்ட ஒரு வரி: என்னுடையது.

அம்மா கோபித்தாலும் பரவாயில்லை. ஃபிரிட்ஜில் அந்த இடத்தில் ஐவியின் பால் புட்டியை வை.

டால்டன்