அம்மா பார்த்துவைத்திருக்கும் டெலஸ்கோப்

என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இரண்டு பேரும் சுகம்தான், நீயும் ராத்திரி வேலை முடிந்து பகலில் ஒழுங்காகத் தூங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டாயானால் அதற்குத்தான் இந்தக் கடிதம். நம் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும், போனில் சொல்ல முடியாது, அதனால் நம் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடையிலேயே உட்கார்ந்து, அச்சில் ரப்பர் சூட்டில் வேகிற நேரத்தில் எழுதுகிறேன், நடுவில் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

விஷயம் இதுதான். உன் அம்மா டெலஸ்கோப் வாங்கப் போகிறாள். நீ பேங்க் வேலையை உதறிவிட்டு, டிக்கெட் எடுத்த பிறகு எங்களிடம் சொல்லி, அந்த வான் ஆய்வுக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து அவள் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு பேசும்போது அவள் சமையலறை வாசலில் நின்று துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருப்பாள், இதை நான் உனக்குச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் போன மாதம் திடீரென்று, "அவ எதைப் பார்க்கறதுக்காக நம்மள விட்டுட்டுப் போனான்னு நானும் பார்க்கணும்"னு சொன்னாள். சரி என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அதிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. ஆஸ்பத்திரி லேப் வேலை முடிந்து வந்தால் அவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் டெலஸ்கோப் பேச்சுதான். உள்ளே கண்ணாடி வைத்த பெரிய குழாய் ஒன்று உண்டாம், அது பளிச்சென்று காட்டுமாம், ஆனால் அந்தக் கண்ணாடியை அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். "வீட்ல ஒருத்தரைத் திருத்தறதே எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டாள். லென்ஸ் வைத்த சின்னக் குழாய்தான் வேண்டும், தானே மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், என் கையை எதிர்பார்க்கக் கூடாது, விலையும் கைக்கு அடங்க வேண்டும். கேமரா கடைக்காரர் முதலில் ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அச்சடித்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தார், மேலே சனிக் கிரகத்தின் கலர் படம். உன் அம்மா, "அட்டைல இருக்கற படத்தையா விக்கறீங்க"ன்னு கேட்டுவிட்டு அதன் முக்காலியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், அது கிடுகிடுவென்று ஆடியது. இப்படி அந்த மனிதரைப் படாத பாடு படுத்தி, கடைசியில் எழுபது மில்லிமீட்டர் லென்ஸும் ஆடாத காலும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. கடை வாசலில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார்கள், தெருக்கோடியில் இருக்கும் பல் டாக்டர் போர்டைக் கடகடவென்று வாசித்து, அருமை, கட்டிக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், "எழுத்தெல்லாம் இடம் வலமா மாறியிருக்கு, இதை எப்படிப் படிச்சீங்க?" என்று என் மேல் பாய்ந்தாள். நாள் முழுக்க ஸ்டாம்ப் அச்சில் திரும்பிய எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது உறைக்கவே இல்லை. கடைக்காரர் வேறொன்றைப் பிரித்தார், அதிலும் அப்படித்தான், அவரும் காரணம் தெரியாமல் முழித்தார். பழுதான சரக்கு என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்துவிட்டாள்.

மறுநாள் கடைக்காரர் எனக்குப் போன் செய்து விளக்கினார். குழாயின் பின்னால் முழங்கை மாதிரி மடங்கிய துண்டுக்குள் முகம் பார்க்கிற கண்ணாடி போல ஒன்று இருக்கிறது, அதனால் அப்படித்தான் தெரியுமாம், நிலாவுக்கும் நட்சத்திரத்துக்கும் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாதாம். இதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் வாயையும் கட்டிவைத்தேன். அவள் யாரிடம் கேட்பது என்று தவிக்கட்டும், தவித்து உனக்குப் போன் செய்யட்டும் என்று ஒரு நப்பாசை. ஆனால் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவள் போனைக் கையில் எடுக்கிறாள், வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். எப்போது உளறிவிடுவேனோ என்று பயந்து சீக்கிரமே கடைக்கு வந்துவிடுகிறேன். நீயும் அவளும் பேசாத வீட்டில் என்னால் இன்னும் எத்தனை காலம் நடுவில் நிற்க முடியும் என்று தெரியவில்லை மகளே, சலித்துவிட்டது.

மேலே எழுதிய வரியோடு எழுந்திருக்க வேண்டியதாயிற்று. லேபிலிருந்து அவள் நேராகக் கடைக்கு வந்து நின்றாள். காகிதத்தை மறைக்கப் பார்த்தேன், என் திருட்டு முழி காட்டிக்கொடுத்துவிட்டது. "அவளுக்குத்தானே எழுதறீங்க" என்றாள், ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஸ்டாம்புகளை எடுத்து எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள், "நான் தினமும் மைக்ராஸ்கோப் பார்க்கறவ. ஸ்லைடை இந்தப் பக்கம் தள்ளினா படம் அந்தப் பக்கம் போகும். அந்தக் கடைப் படியிறங்கறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்களோ அந்தக் கடைக்காரரோ பதிலைச் சொல்லித் தொலைச்சிடாதீங்க. அவகிட்ட கேக்கறதுக்கு என்கிட்ட வேற கேள்வி இல்லை."

ஆகவே மகளே, இந்த ஞாயிறு போன் அவளிடமிருந்து வரும். பழசு எதையும் எடுக்காதே. அவள் தெரியாத மாதிரி கேட்பாள், நீயும் தெரியாதவளுக்குச் சொல்வது மாதிரி முதலிலிருந்து, நிதானமாக, எவ்வளவு நீளமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நீளமாகச் சொல்லு.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள், இது அம்மா எழுதச் சொன்னது.

உன் அப்பா