பூமி விரதமிருந்த வெள்ளிக்கிழமைகள்

அப்பு,

இன்று காலை விளக்குச் சிம்னியைத் துடைத்தபோது புகைக்கரி வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவு. நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. கரியை முகர்ந்து கண்கலங்குகிற ஆள் இந்த லுணுகலைத் தோட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நம் வெள்ளைக்காரத் துரைக்குத் தேயிலையைவிடப் பூமியின் வயிற்றில்தான் அக்கறை. பங்களாவுக்குப் பின்னால், பாறைமேல் கட்டிய அறையில் நில அதிர்வை அளக்கும் அந்தக் கருவியை வைத்தார். கனத்த இரும்புக் குண்டு, அதோடு ஓர் ஊசி, எதிரே கடிகாரம்போல் சுழலும் உருளையில் விளக்குப் புகையில் காட்டிக் கரிபிடித்த காகிதம். நிலம் ஆடினால் குண்டு அசையாமல் நிற்கும். நிலத்தோடு காகிதம் ஆட, ஊசி அதில் கோணல் கோடு கிழிக்கும். தினமும் காகிதத்தை மாற்றுவது தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கரான என் வேலை. குசினியில் துரைக்குச் சமைப்பது உன் வேலை.

தோண்டாமலே பூமிக்குள் இருப்பது எப்படித் தெரியும் என்று நீ ஒருநாள் கேட்டாய். துரை தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"பலாப்பழம் எப்படிப் பாக்கிறே? தட்டிப் பாக்கிறே. தூரத்திலே நிலம் நடுங்குது, அதுதான் தட்டு. அந்த அதிர்வு பூமி உள்ளே வழியா வருது. கெட்டிக் கல்லிலே சுருக்கா வரும், இளக்கத்திலே மெதுவா வரும். வந்த நேரம் பாத்தா உள்ளே என்ன இருக்கு தெரியும்."

தலையாட்டிவிட்டுக் குசினிக்கு வந்தவன், "பழுத்திருந்தா வெட்டிருவாரோ?" என்று என்னைக் கேட்டாய்.

இரண்டு மாதத்தில் துரைக்குத் தலைகால் புரியவில்லை. அநேகமாகத் தினமும் காலை பத்து மணிக்கு ஊசி நடுங்கியது. ஊவா மலைக்கடியில் ஏதோ ஒன்று நேரம் தவறாமல் புரண்டு படுக்கிறது என்று சீமைப் பண்டிதர்களுக்கு நீளக் கடிதம் எழுதி, நகலெடுக்க என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் தேதிகளைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நடுக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை நீ விரதம். விடிந்ததும் முருகன் கோயிலுக்குப் போய்விடுவாய். மற்ற நாள்களில் பத்து மணிக்கு, அந்த அறைச் சுவரோரம், அதே பாறைமேல் உரலைப் போட்டு, துரையின் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் இடிப்பாய்.

உன்னிடம் சொன்னதும் உலக்கையைப் பாதியில் நிறுத்தினாய். ரொட்டி கரிந்ததற்கே முந்தைய சமையல்காரனுக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டு கொடுத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டத்தைவிட்டு அனுப்பியவர் துரை. உனக்கு நாலு பிள்ளைகள்.

"பேசாம இரு. கடுதாசி போகட்டும், ஒனக்கென்ன?" என்றேன்.

"சீமையில நாலு பேரு அவரப் பாத்துச் சிரிப்பாங்களே. நம்ம கையால சாப்பிடுற மனுசன்" என்றாய்.

உலக்கையைத் தோளில் வைத்தபடியே துரை முன்னால் போய் நின்றாய். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"தொரை, அந்தப் பூமி நான்தானுங்க."

துரை உன்னை இடிக்கச் சொன்னார். இடித்தாய், ஊசி ஆடியது. நிறுத்தினாய், அதுவும் நின்றது. கடிதத்தைக் கிழித்துப்போட்டு "முட்டாள்" என்றார். உன்னைச் சொன்னாரா, தம்மையே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. மாதக் கடைசியில் உன் வேலையைப் பற்றி முடிவு செய்வதாகச் சொல்லி, உரலை மாட்டுப்பட்டிக்கு அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், கரிக்காகிதத்தோடு குசினிக்குள் பாய்ந்தார். அதில் முதலில் சின்ன நடுக்கம், சில நிமிடம் கழித்துப் பெரியது.

"அப்பு! இடிச்சது நீயா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நீ பதறி எழுந்தாய். "புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க! ஒரலே இங்க இல்லீங்க!"

"நீ இல்லை! நீ இல்லை!" என்று துரை உன் வெங்காயக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு நடுக்கத்துக்கும் நடுவிலிருந்த நேரத்தை வைத்து, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டார். கடலுக்கு அப்பால் நிலம் நடுங்கிய செய்தி பிறகு பேப்பரில் வந்தது. தூரம் ஏறக்குறையச் சரி. பத்துச்சீட்டுப் பேச்சு அதன்பின் எழவே இல்லை.

நீ உலக்கையோடு துரை முன் நின்ற அன்று, உனக்காகப் பேசத்தான் கதவுப் பக்கம் வந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய், அப்பு. முன்னமே தெரிந்தும் வாய்மூடச் சொன்னவன் என்று என் பெயரையும் இழுத்துவிடுவாயோ என்ற பயத்தில் ஒட்டுக்கேட்க வந்தேன். நீ இழுக்கவில்லை. அன்றிலிருந்து எந்தத் தப்பைச் செய்தாலும் பயந்துகொண்டாவது போய்ச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பார்த்துப் பழகியது அது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் நீ இருக்கும்வரை வாய் வரவில்லை.