பாரிசுக்குப் புறப்பட்ட பெட்டி

இன்று காலை பொன்னமராவதிக் கடைவீதியில் புதிதாக ஒரு ரொட்டிக்கடை திறந்திருந்தார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது. உரம் வாங்கப் போனவன் உரத்தை மறந்துவிட்டு அங்கேயே நின்றேன். ரொட்டி வாங்கவில்லை. வாங்கி யாருக்குக் கொண்டுவருவது? நம் வீட்டில் பாரிஸ் ரொட்டிக்கு ஆசைப்பட்ட ஒரே ஆள் நீதான். நீ போய் ஏழெட்டு வருடம் ஆகிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நம் பக்கம் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள், காகிதம் போடமாட்டார்கள். நான் சைகோனிலிருந்து உனக்குக் காகிதம் போட்டே குடும்பம் நடத்தியவன். இதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்.

அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரின் ஏற்றுமதி ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. அக்கரைக்குப் போகிறவர்கள் பெண்டாட்டியைக் கூட்டிப் போவது நம் ஊரில் வழக்கமில்லை. மூன்று வருடம் வேலை, சில மாதம் லீவு, மறுபடியும் கப்பல். நடுவில் உலக யுத்தம் வந்து, காகிதமே வராத வருடங்களும் இருந்தன. பயணத்துக்கு நல்ல நாள் பார்த்தால் கப்பல் நாளோடு ஒத்துவராது. அதற்கும் நம் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல நாளில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் அன்றே புறப்பட்டதாகிவிடும். ஆள் பிறகு நிதானமாகப் போகலாம். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு நிபந்தனை, பயணம் முடியாமல் அந்தப் பெட்டி வீட்டுக்குள் திரும்பக் கூடாது. நம் வீட்டுப் பெட்டி எப்போதும் எதிர்வீட்டு சிவகாமி அக்காவிடம்தான் போகும். ஒவ்வொரு தடவையும் பெட்டி என்னுடையது. அதை அடுக்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றது நீ.

பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமைவிட்டுக் கிளம்பியதும் என் வேலையும் முடிந்து ஊரோடு வந்து சேர்ந்தேன். பாரிசுக்குப் போய்விட்ட முதலாளி ஒரு காகிதம் எழுதியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் விளக்குப் போடுவார்கள், மனைவியோடு வா, என் வீட்டில் தங்கு என்று. நான் அதை உனக்குப் படித்துக் காட்டிவிட்டு, மரியாதைக்கு எழுதியிருக்கிறார் என்று மடித்து வைத்தேன்.

"மரியாதைக்குக் கூப்புடுறவுக மாசம் சொல்லியா கூப்புடுவாக?" என்று கேட்டாய்.

வயல் வாங்கலாம் என்றல்லவா இருக்கிறோம் என்றேன்.

"வயலு எங்க போகப் போவுது? அது அங்கிட்டே கெடக்கும். இந்த ஒரு பயணம் நானும் வாரேன். ஒங்கள அனுப்பி வச்சு அனுப்பி வச்சு எனக்குக் கையெல்லாம் மரத்துப் போச்சு."

அதை நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அத்தனை வருடம் தனியாக இருந்தவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். ஒரே பாஸ்போர்ட்டில் இரண்டு பேரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். போட்டோவில் நீ ஸ்டூடியோக்காரனை முறைத்துக்கொண்டிருப்பாய்.

பாரிசை நானும் பார்த்ததில்லை. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த படங்களும் முதலாளியின் ஏக்கப் பேச்சும்தான் எனக்குத் தெரிந்த பாரிஸ். அதை வைத்துக்கொண்டு நாம் அடித்த கொட்டம் இருக்கிறதே! நெல் அவிக்கும்போதும் பேச்சு அதுதான், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அதுதான். ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது என்றால், "நம்ம வெள்ளாறு மாதிரியா?" என்பாய். இல்லை, அதில் தண்ணி ஓடும் என்பேன். இரும்பிலே வானத்துக்குக் கட்டிய கோபுரம் என்றால், உள்ளே என்ன சாமி என்று கேட்பாய். சாமி கிடையாது, சும்மா ஏறிப் பார்ப்பதற்கு என்றதும் யோசித்தாய். "சாமி இல்லேன்னா என்ன, கட்டுனவன் கஷ்டப்பட்டுத்தானே கட்டியிருக்கான். ஏறிட்டே வருவோம்" என்று தீர்ப்புச் சொன்னாய்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நீ என்னை அசர வைத்தாய். அங்கே பெரிய மனிதர்கள் வெள்ளித் தட்டில் வெண்ணெய் போட்டு நத்தை தின்பார்கள் என்றேன், உன்னைப் பயமுறுத்தத்தான்.

"நம்ம வயக்காட்டு நத்தையவா? அதத் திங்கவா இம்புட்டுத் தூரம் போறாக!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "வெண்ணெய் போட்டா நல்லாத்தான் இருக்கும். நான் திம்பேன். ஒங்களுக்குப் பருப்புப்பொடியும் எலுமிச்ச ஊறுகாயும் எடுத்துக்கிருவோம்" என்றாய். பாதி ஆயுளை அக்கரையில் கழித்த எனக்குப் பருப்புப்பொடி. குன்றாண்டார்கோவிலில் பிறந்து திருச்சியைத் தாண்டாத உனக்கு நத்தை. பாஷை தெரியாமல் கடையில் எப்படிக் கேட்பாய் என்றால், "கையக் காட்டிக் கேட்டாத் தரமாட்டானா?" என்பாய்.

ஆனால் உன் மனதில் விழுந்து கிடந்தது கோபுரமும் இல்லை, நத்தையும் இல்லை. காப்பிக்கடைகளில் ரோட்டோரமாக நாற்காலி போட்டிருப்பார்கள், புருசனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டாய்.

"எல்லாரும் பாக்க ஒக்காருவாகளா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்."

"அப்ப, மொதல்ல அங்க போயித்தான் ஒக்காரணும். மத்ததெல்லாம் பெறகு."

கல்யாணத்துக்குப் போனாலும் நீ பெண்கள் பந்தியில், நான் ஆண்கள் பந்தியில். பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால். மணவறையில் உட்கார்ந்ததற்குப் பிறகு நாலு பேர் பார்க்க நாம் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு நீ முறத்தைக் கீழே வைத்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

தீபாவளி கழிந்து கார்த்திகையில் தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு, அங்கிருந்து கப்பல் என்று ஏற்பாடு. உன் நட்சத்திரத்துக்கு நல்ல நாள் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. ஜோசியர் எந்தத் திசைப் பயணம் என்று கேட்க, ரயில் தெற்கே போகிறது, கப்பல் மேற்கே போகிறது என்று நான் குழப்பினேன். "ஊரு மேக்கதானே இருக்கு, மேக்கன்னு போடுங்க" என்று நீ என்னை அடக்கினாய். குறித்த நேரத்தில் உன் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இரண்டு பட்டு, புதிதாக வாங்கிய கம்பளிச் சால்வை, பருப்புப்பொடி டப்பா எல்லாம் அதற்குள். சிவகாமி அக்கா வாசலில் நின்று, "இந்தத் தடவ பொம்பளப் பெட்டியால்ல வருது!" என்று குரல் கொடுத்தாள். உனக்கு முகமெல்லாம் பல்.

அடுத்த வாரமே சூயஸில் சண்டை. பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் எகிப்தின் மேல் குண்டு போட, எகிப்துக்காரர்கள் கப்பல்களை மூழ்கடித்து, நம் கப்பல் போகவேண்டிய கால்வாயை அடைத்துவிட்டார்கள். காத்திருங்கள் என்று கொழும்பிலிருந்து தந்தி வந்தது. டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "தொறந்துட்டாகளா?" என்று கேட்பாய். "நம்ம கண்மாய் மடைக்கு எத்தன அடிதடி நடந்துச்சு, பேசித் தீக்கலையா? அவுகளும் பேசுவாக" என்பாய். ஊரில் கேலி வேறு. நல்ல புடவை கட்டாமல் நீ பொங்கலுக்கு நின்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நல்லதெல்லாம் பெட்டியில் இருந்தது. பெட்டியோ பயணத்தில் இருந்தது.

மாசியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலமானால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். அந்தக் கம்பளிச் சால்வையை எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"பெட்டியத் தொறக்காதீங்க. பயணம் முறிஞ்சுரும்."

நாள் நட்சத்திரத்தையெல்லாம் ஆயுள் முழுக்கக் கிண்டல் செய்தவன் நான். அன்றைக்கு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். என் வேட்டியை நாலாக மடித்து உனக்குப் போர்த்தினேன். உன்னைத் தேற்றுவதற்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பாரிசைப் பற்றிப் பேசுவது. ஆற்றில் ஆரம்பித்துப் பாலங்கள், விளக்குகள் என்று சொல்லிக்கொண்டே வந்து நாற்காலியிடம் வந்தேன். நீ கண்ணைத் திறந்தாய். அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன்னால் உன் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"சொல்லிச் சொல்லியே ஏமாத்தாதீங்க. கூட்டிட்டுப் போங்க."

அதற்குப் பிறகு நீ தெளிவாக எதுவும் பேசவில்லை. இரண்டாம் நாள் விடியக்காலையில் போய்விட்டாய்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது சிவகாமி அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, பெட்டியிலிருக்கும் பட்டில் ஒன்றை எடுத்து வரவா என்று கேட்டாள். வேண்டாம் அக்கா என்றேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. பெட்டி இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. அவள் கேட்பதுமில்லை, நான் எடுப்பதுமில்லை.

சித்திரையில் கால்வாயைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வீட்டுக்குப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது தாங்க முடியாததாக இருந்தது.

முதலாளி மறுபடியும் எழுதினார். கப்பல் ஆபீசும் எழுதியது. என் தம்பி ஒருநாள் பூராவும் உட்கார்ந்து எனக்கு எடுத்துச் சொன்னான்.

"அண்ணே, டிக்கெட்டு இருக்கு, பாஸ்போர்ட்டு இருக்கு. மதினி ஆசப்பட்ட ஊரு. நீங்களாவது போயிப் பாத்துட்டு வாங்க. தனியாப் போறது ஒங்களுக்குப் புதுசா?"

புதிதில்லை. தனியாகக் கப்பலேறுவது எனக்குக் கைவந்த பழக்கம். எத்தனையோ தடவை உன்னை இங்கே விட்டுவிட்டு ஏறியவன்தான். இன்னொரு தடவை உன்னை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது என்று அவனிடம் சொன்னேன்.