இரண்டு குப்பி ரத்தம்

ஜூலை 7, திங்கள்

பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அண்ணனோடு லேப்புக்குப் போனேன். அப்பாவைக் கொண்டுபோன அதே நரம்பு வியாதிதான் அண்ணனுக்கும்; நடை தள்ளாடுகிறது. நரம்பு சிதையும்போது ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம். அதை அளந்தால் நோயின் வேகமும், புது மாத்திரை கேட்கிறதா என்பதும் தெரியுமா என்று மதுரை டாக்டர்கள் ஆராய்கிறார்கள். இதுவரை அண்ணன் மட்டும் கொடுத்தான். இம்முறை ஒப்பிட நோயில்லாத ஒருவர் வேண்டும் என்றார்கள். வீட்டில் நான்தானே நன்றாக இருக்கிறேன்! ஊசி குத்திய முஹ்சினா, "டீச்சர், ஒங்க நரம்பு சூப்பர்" என்றாள். அதிலும் ஒரு பெருமை எனக்கு.

ஜூலை 26, சனி

டாக்டர் போன் செய்தார். அண்ணனின் அளவு நாற்பத்திரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. என்னுடையது நாற்பத்தாறு.

"இத வச்சு மட்டும் நோய்னு சொல்ல முடியாது, டீச்சர். இன்னொரு தடவ எடுத்துப் பாத்துருவோம்."

என் காதில் அந்த "மட்டும்" மட்டுமே நிற்கிறது. அண்ணனிடம் அவன் அளவைச் சொன்னேன். என்னுடையதைச் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கரும்பலகையில் வரி கோணிப் போகிறது. முன்பும் கோணுமா? ஒன்பதாம் வகுப்பைக் கேட்கவா முடியும்?

ஆகஸ்ட் 2, சனி

அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் "வெறும் ஒம்பது!" என்கிறான். மூடிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போகிறானாம். அண்ணி பிரிஸ்கில்லா கோழிக் குழம்பு வைத்துவிட்டு, "ஒன் மொகம் மட்டும் ஏன் இப்பிடி இருக்கு?" என்றாள். பல் வலி என்றேன்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அவன் எலும்பு கடிக்கிற சத்தம்கூட எரிச்சலாக இருந்தது. ச்சீ, என்ன பிறவி நான்? ஆனா எனக்கு வந்துருச்சுன்னா? ஒத்தக்கட்டை. என்னைய யாரு தூக்கி உக்கார வைப்பா?

ஆகஸ்ட் 7, வியாழன்

மறுபடி ரத்தம் கொடுத்தோம். முஹ்சினா அவசரக்காரி. ஆரோக்கியதாஸ் என்று முழுதாக எழுதப் பொறுமை ஏது? அண்ணனின் குப்பியில் "ஆரோக்." என்றும் என்னுடையதில் "நான்சி" என்றும் எழுதி வைத்தாள். குப்பிகளில் ஆய்வு எண் ஒட்டி மதுரைக்கு அனுப்புகிற நாசர் வந்தார். அவர் தாளில் பெயர் கிடையாது. "நோயாளி", "ஆரோக்கியமானவர்" என்று இரண்டே பிரிவு. "ஆரோக்கியமானவர் இதுதானே" என்று முனகியபடி அண்ணன் குப்பியில் பச்சைச் சீட்டை ஒட்டினார். என் குப்பிக்கு நோயாளியின் சிவப்பு.

"நாசர் பாய், அது எங்க அண்ணன் பேரு!"

அவர் குப்பியைப் பார்த்தார். இரண்டு சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டினார். "போன தடவையும் இப்பிடித்தான் ஒட்டுனேன், டீச்சர்."

எனக்கில்லை. எனக்கில்லை! வாய்விட்டுச் சிரித்தேவிட்டேன். வெளியே நின்ற அண்ணன், "என்ன புள்ள, லாட்டரி விழுந்துச்சா?" என்றான்.

அப்போதுதான் உறைத்தது. அந்த நாற்பத்தாறு அவனுடையது.

ஆகஸ்ட் 8

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10

இன்றும் சொல்லவில்லை. கடைக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்திருக்கிறான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒன்பது, இப்போதைக்குக் கவலையில்லை. அண்ணனுக்கு நாற்பத்தேழு. மாத்திரை கேட்கவில்லை, வேறு மாற்றிப் பார்ப்பார்களாம்.

கடைக்கே போய்ச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்ப அந்த ஒம்பது ஒன்னோடதா?"

"ஆமாண்ணே."

"இம்புட்டு நாளும் ஒனக்கு வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டா திரிஞ்ச?"

தலையாட்டினேன்.

"கிறுக்கி. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஷட்டரை இறக்க நான் உதவப் போனேன். வேண்டாம் என்றான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசையில் ஃபாதர், இன்று யார் யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற கருத்துகளை வாசித்தார். இறந்தவர்கள், புதுவீடு, யாருக்கோ பேறுகாலம். பிறகு — "தங்கை நான்சி சுகமாக இருப்பதற்காக இறைவனுக்கு நன்றி. ஒப்புக்கொடுப்பவர், ஆரோக்கியதாஸ்."

எனக்குத் தெரியவே தெரியாது. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.