ஏரிக்கரையில் தாகத்தால் மாண்டவன் பொருட்டு விடுத்த ஓலை

திரு நிலைபெறுக. செவ்வரை நாடு பொலிக. மேலைமலைச் சாரல் முதல் மருதங்கரை ஏரி ஈறாக ஒரு குடைக்கீழ் காத்தருளும் பெருந்தேவி மங்கலவேணியாரின் திருவடிகளுக்கு, கருங்கோட்டு அரசவையில் தங்கள் தூதனாய் நிற்கும் கண்டலூர் ஆதிரையன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் களஞ்சியங்கள் குறையாதிருப்பனவாக. தங்கள் வாயிலில் வழக்குரைக்க வந்தோர் எவரும் வறிதே மீளாதிருப்பாராக. வாழ்த்தை இன்னும் நீட்டி எழுதுதல் மரபு. நீட்ட எனக்குப் பொழுதில்லை, பொறுத்தருள்க.

தங்கள் இளவல், படைத்தலைவர் வானமாறர், உயிரோடிருக்கிறார். அவரைச் சிறைப்பிடித்த கருங்கோட்டு வேந்தன் விடங்கராயன், அவருக்கு ஈடாக யான் கொணர்ந்த யானைகளை ஏறிட்டும் பார்த்தானல்லன். சிறைப்பட்டோரை வினாவால் மீட்பதே தன் குலத்து வழக்கம் என்றான். வேந்தன் ஒரு நிகழ்ச்சியின் முடிவை மட்டும் அவையில் உரைப்பான்; தூதன் வினவி வினவி அதன் காரணத்தைக் காணவேண்டும்; ஆம், அன்று, பயனில்லை என்னும் சொற்களன்றி வேறு விடை கிடையாது. அமாவாசைக்குள் காரணத்தை அவையறிய உரைத்தால் சிறைப்பட்டவர் மீள்வார். உரையாவிடில் அவர் தலை கோட்டை வாயிலில் ஏறும்.

எனக்கு இடப்பட்ட நிகழ்ச்சி இது: நீர் ததும்பும் ஏரியின் கரையில், வெறுங்குடம் அருகே கிடக்க, ஒருவன் தாகத்தால் மாண்டான்.

எளிதென்றே எண்ணினேன். நீர் நஞ்சோ என்றேன், அன்று. கட்டுண்டிருந்தானோ என்றேன், அன்று. குருடனோ, முடவனோ, முதலைக்கு அஞ்சினானோ, நோன்பு பூண்டானோ என்று அடுக்கினேன், அனைத்திற்கும் அன்று. மாண்டவன் என்ன குலத்தான் என்று ஆராயப் புகுந்தபோது பயனில்லை என்றான். மதிலதிகாரி கோளரி என்பான், செவ்வரைப் புலவர் ஏரியை அடிமண் வரை கலக்கிவிட்டார், இனி மீனுக்குத் தாகம் எடுத்ததோ என்று கேட்பதொன்றே பாக்கி என உரத்துச் சொல்ல, அவை முழுதும் நகைத்தது. நாணமும் சினமும் உந்த, மாண்டவன் பித்தனோ என்றேன். விடங்கராயன் அரியணையிலிருந்து எழுந்து நின்று அன்று என்றான். அவன் குரலில் சினம் இருந்தது. புனைந்துரைத்த ஒருவன் பொருட்டு எந்த வேந்தனும் அவ்வாறு சினவான். இது நடந்த கதை என்று அப்போதுதான் அறிந்தேன்.

அதுவரை மாண்டவனையும் நீரையுமே துருவிக்கொண்டிருந்தேன். அங்கே இல்லாதவரைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பினேனல்லேன். அவனைக் கரையில் நிறுத்தியவர் உளரோ என்றேன், ஆம். அவர் அவன் சாவை விரும்பினரோ; அன்று. நீரைத் தொடலாகாதென ஆணையிட்டனரோ; ஆம். ஆணைக்குரிய காரணம் அவன் மாளுமுன்னரே நீங்கிற்றோ, ஆம். அடுத்த வினாவுக்குச் சொல் தேடித் தலைநிமிர்ந்தேன். அரியணைக்குப் பின்னே, போரில் கவர்ந்த பொருள்களிடையே, நம் ஆணைமுரசு தொங்கிற்று. அதை அறைந்து ஆணையை நீக்க இயலாமற்போனதே காரணமோ என்றேன். ஆம் என்றான் வேந்தன். அவன் குரல் தாழ்ந்திருந்தது. எவரும் நகைக்கவில்லை.

தேவியார் அறிந்ததே. பகைவர் மருதங்கரை ஏரியில் நஞ்சிட்டனர் என்னும் சொல் பரவியபோது முரசறைந்து அந்நீரை விலக்கினீர். நீர் தூயதென்று மருத்துவர் கண்டுரைத்தபோது முரசு படையோடு போயிருந்தது. முரசால் இட்ட ஆணை முரசாலன்றி நீங்காது என்பது நம் மரபாதலின், முரசு திரும்பட்டும் என்று அருளினீர். முரசு திரும்பவில்லை, தங்கள் இளவலோடு பகைவர் கையில் அகப்பட்டது. ஊரார் குடிபெயர்ந்தனர், ஏரிக்காவலன் பிடவன் பெயரவில்லை. போர் ஏரிப்புறம் வரை பரவியதால் அவனுக்குக் குடிநீர் கொணரும் வண்டி நின்றது; அவன் நின்றான். பிணத்தைக் கண்டு திகைத்த கருங்கோட்டு வீரர்க்கு நம் மரபை எடுத்துச் சொன்னவர், பின்னர்ச் சிறையில் யான் கேட்டறிந்தபடி, வானமாறரே.

இறுதியாக, கேளாதிருக்க மாட்டாமல், அக்கரையில் இப்போதும் ஒருவன் நிற்கிறானோ என்றேன். ஆம். ஏரிக்காவல் குடிவழி வருவதாதலின், பிடவனின் தம்பியோ என்றேன். ஆம்.

விடை என் நாவில் இருக்கிறது. வினவுதல் குற்றமன்று; ஆயினும் அரசின் இசைவின்றி முரசாணையைப் பிறநாட்டு அவையில் குறைகூறுபவன் அக்கணமே தூதன் ஆகான் என்பது நம் சட்டம். அதை விடங்கராயனும் அறிவான். தூதனல்லாதவன் உரைக்கும் விடை அவன் அவையில் செல்லாது. தங்கள் இசைவின்றி யான் வாய்திறந்தால் வானமாறர் மாள்வார், திறவாவிடினும் மாள்வார். சிறையில் அவரைக் கண்டு இதனைச் சொன்னேன். அக்கை அவையைக் கூட்டுவாள், அவை நல்ல நாள் பார்க்கும், அவர்கள் நாள் குறிப்பதற்குள் வாயிற்காக்கைகள் எனக்கு உறவாகிவிடும் என்று நகைத்தார். பின்னர் என் கையைப் பற்றிக்கொண்டு, தமக்கு அச்சமாயிருக்கிறது என்பதை அக்கையிடம் மட்டும் சொல்லுமாறு கேட்டார். சொல்லிவிட்டேன்.

விடைகொடுத்த நாளில், இடர் நேருங்கால் தங்கள் பெயரால் ஓர் ஆணை, ஒன்றே ஒன்று, பிறப்பிக்கலாமென்று கணையாழி அளித்தீர். அதனால் என் வாய்க்கு யானே இசைவளித்துக்கொள்ளக் கருதி ஓலையும் நறுக்கினேன். எழுத்தாணி ஓடவில்லை. தங்கள் இளவலுக்குத் தாங்கள் இருக்கிறீர். கரையில் நிற்பவனுக்கு எழுதுவார் ஒருவருமில்லை. ஆதலின் கணையாழியை அவனுக்கே செலவிட்டேன். பிழையாயின் என் தலை தங்களுடையது.

இனி யான் செய்யத்தக்கது ஒன்றுமில்லை, கெஞ்சுகிறேன். அவையைக் கூட்டாதீர். நாள் பாராதீர். இதனைக் கொணர்ந்தவன் குதிரையின் சேணத்தை அவிழ்க்காமல் வாயிலிலேயே நிற்பான். தாங்கள் இட்ட ஆணையால் தங்கள் காவலன் மாண்டான் என்பதைத் தூதன் அவையில் உரைக்கலாம் என்று தங்கள் கையாலேயே எழுதி, இலச்சினையிட்டு, அவனிடம் தந்தருள்க. அமாவாசைக்கு முன் அவன் இங்கு வந்து சேரவேண்டும்.

கணையாழி பொறித்து மருதங்கரைக்கு முன்னரே விடுத்த ஆணையின் படியோலை, தங்கள் பார்வைக்கு:

பெருந்தேவியார் திருவாணை. ஏரிநீர் தூயது. கரையில் நிற்கும் காவலன் இதனைக் கேட்ட அக்கணமே நீரருந்தக் கடவன். ஓலை கொணர்ந்தவன் அவனுக்கு முன்னே தான் அருந்திக் காட்டுக. இச்சொல் முரசறைந்ததற்கு ஒக்கும்.